வாள் தின்ற அளவு

தம்பி,

அமிசி உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னதற்குக் காரணம் நான். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் வைத்தால் எழுதாமல் விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன். இரண்டு தடவை. இரண்டு தடவையும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கடிதத்தில் அப்படித் தப்ப முடியாது. உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும். எடுக்கட்டும். மெதுவாக வாசி.

இன்னும் மூன்று கிழமையில் நீயும் நீமாவும் நகரசபையில் கையெழுத்து வைக்கப் போகிறீர்கள். தாயில்லாத பிள்ளை அவள். தகப்பன் அமிசியும் பக்கத்தில் நிற்கமாட்டார். "அம்மா தந்த சாப்பாட்டைத் தொடாமல் எழும்பிப் போன மனிசன்" என்று நீ அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு வரவேண்டியது. தவறான விலாசத்துக்குப் போய்விட்டது.

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

வசந்தத்தில் நீயும் நீமாவும் அமிசியும் கோல்டிங்கில் என் வீட்டுக்கு வந்தீர்கள். முதல் சந்திப்பு. அமிசி வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னை "மாமா அருண்" என்று கூப்பிட்டார். நீ சப்பாத்தைக் கழற்றாமலே சிரித்தாய். "அம்மாவை மாமா ஆக்கிப்போட்டார்." அவருடைய பக்கத்தில் மாமா என்றால் தாய், தாயைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நீமா விளக்கினாள். எனக்கு அது பிடித்திருந்தது. இருபத்தெட்டு வருடம் உனக்குத் தாயாக இருக்கிறேன், யாரும் அதைப் பெயராக வைத்து என்னைக் கூப்பிட்டதில்லை. பிறகு அவர் கதிரையில் இருந்து, மாலை போட்டிருந்த உன் அப்பாவின் படத்தைப் பார்க்கத் தொடங்கினார். தேத்தண்ணீர் ஆறும்வரை பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இவர் வாயை மூடிக்கொண்டோ சிரிக்கிறவர்?" நான் "ஓம்" என்றேன். உள்ளே கோபம். நாங்கள் வந்த முதல் பனிக்காலத்தில் சைக்கிளோடு விழுந்து உன் அப்பாவின் முன்பல் உடைந்தது. அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் வாய் திறந்து சிரித்ததில்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதர் அதைப் படத்திலிருந்து கண்டுபிடித்தது எனக்கு மரியாதையாகப் படவில்லை.

கோடை முடிகிற நேரம் அவர் தனியாக வந்தார். பிரெடெரிசியாவிலிருந்து ரயிலில், மடியில் ஒரு பையோடு. உங்களிடம் சொல்லவேண்டாம், கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கட்டும், அதுவரை இங்கே இருக்கட்டும் என்றார். துவாயால் சுற்றியிருந்தது. அவிழ்த்தால் ஒரு தலை. தேங்காயை விடக் கொஞ்சம் பெரிது. முன்னால் வாய் திறந்த ஒரு முகம், பின்னால் வாய் மூடிய ஒரு முகம். பாதி முகத்துக்குக் கண்குழி. குழிக்குள் வெள்ளை. வெள்ளைக்கு நடுவில் நாலு பக்கமும் கை நீட்டியது போலச் செதுக்கிய கண். தெருவோரம் வெட்டிப் போட்டிருந்த லிண்ட் மரத்தில் செய்தேன், கோப்பித் தூளும் எண்ணெயும் தேய்த்து நிறம் ஏற்றினேன், வெள்ளைக்குச் சோக்கு அரைத்தேன் என்றார். பகலில் பண்டகசாலையில் பெட்டி ஏற்றுகிறவர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சைக்கிள் கொட்டிலில் இருந்து செதுக்குகிறவர். கையைப் பார்த்தால் இரண்டும் தெரியும்.

அவர் டேனிஷில் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன். எங்கள் இரண்டு பேருடைய டேனிஷும் அப்படியே எழுதத் தக்கதல்ல.

"எங்கட பெம்பே இனத்து ஆக்களிட்ட ரெண்டு முகமுள்ள இன்னொண்டு இருக்கு, மாமா அருண். அலுங்கா எண்டு சொல்லுறது. ஆள் தலையில போட்டுக்கொண்டு ஆடுற முகமூடி. ஊருக்கு வெளியில ஒளிச்சு வச்சிருப்பினம். பொம்பிளையள் கிட்டப் போகேலாது. குரல் மட்டும் கேக்கும்."

"அப்ப இதை நான் பாக்கலாமோ?"

"இது அதில்லை. அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. எனக்கு அதைச் சொல்லித்தர முதலே சண்டையில நாங்கள் ஏரியைக் கடந்து ஓடிட்டம். இது வீட்டுக்கு. கண்ணை மட்டும் அதிலயிருந்து கடன் வாங்கினனான்."

பிறகு ஒரு கதை சொன்னார். மனைவி இருந்த காலத்தில் எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அலுங்காவைக் கண்டார்களாம். மனைவி உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டாவாம். காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாளாம். சொல்லிவிட்டு அவர் வாய் நிறையச் சிரித்தார். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார்.

"சுவரோட சேத்து வச்சிடாதையுங்கோ. அதுக்கு முதுகில்லை."

நான் கேட்டேன். காதில் விழவில்லை என்று சொல்லமாட்டேன்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் முதுகு இருக்கிறது. அலுமாரி, சாமிப்படம், தொலைக்காட்சி. எல்லாம் சுவரோடு ஒட்டி நிற்கும். பதினெட்டு வருடமாக யன்னல் செய்கிற தொழிற்சாலையில் என் வேலை அதுதான்: சட்டம் மட்டமாக இருக்கிறதா, மூலை பொருந்துகிறதா, எங்காவது துருத்துகிறதா. துருத்தினால் திருப்பி அனுப்பவேண்டும். அந்தத் தலையை மேசையில் வைத்தேன். ஒரு முகம் சாமிப்படத்தைப் பார்த்தது, மற்றது நான் சாப்பிடுவதைப் பார்த்தது. திருப்பி வைத்தேன். அப்போதும் ஒன்று என்னைப் பார்த்தது. வாயைத் திறந்திருந்த முகத்தோடு இருந்துவிடலாம். வாயை மூடியிருந்ததோடுதான் முடியவில்லை. அது என்னைத் தெரிந்தது மாதிரிப் பார்த்தது.

பிறகு சாந்தி மாமி வந்தா. உன் அப்பாவின் தங்கை எப்படிக் கதைப்பா என்று உனக்குத் தெரியும்.

"என்ன மச்சாள், தோட்டமே இல்லை, வெருளி மட்டும் வாங்கி வச்சிருக்கிறியள்?"

வெருளி உனக்குத் தெரியாத சொல்லாக இருக்கும். தோட்டத்தில் குருவிகளைக் கலைக்கவும், கட்டுகிற வீட்டில் கண்ணூறு படாமலும் வைக்கிற பொம்மை. வேண்டுமென்றே அவலட்சணமாகச் செய்வது.

"சம்பந்தி வீட்டுச் சீதனம்" என்று நான் சொன்னேன்.

"அதுவும் ரெண்டு முகமோ! ஒண்டுக்கே பிள்ளையள் பயப்பிடும்."

சிரித்தோம். மாமி மட்டும் சிரித்தா என்று எழுதினால் அது பொய். நான்தான் கூடச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அந்த மனிதர் இரவல் கண்ணோடு செய்து, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பொருளை வைத்து, அவருடைய மகள் மருமகளாக வரப்போகிற வீட்டில் இருந்து சிரித்தேன். உன் மாமி போய்த் தமிழ்ச் சங்கத்தில் சொல்லுவா, அங்கே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்கு முந்திக்கொண்டு நான் சிரித்தேன்.

அடுத்த திங்கள் தலையை வேலைக்குக் கொண்டுபோனேன். இரண்டாகப் பிளந்தால் சுவரில் மட்டமாக மாட்டலாம். ஒன்று மாட்டினால் போதும். மரம் அரிகிற வாளில் நிற்பது லார்ஸ். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது ஆரோ கையால செய்ததெல்லோ?"

"எனக்கு வந்த சாமான்."

"நிச்சயமாத்தான் சொல்லுறியோ?"

"வெட்டு."

ஒரு மூச்சு நேரம்தான் எடுத்தது. உள்ளே மரம் வெள்ளையாக இருந்தது. வாயைத் திறந்திருந்த முகத்தை வரவேற்பறைச் சுவரில் மாட்டினேன். வாயை மூடியிருந்ததைக் கடைப்பை ஒன்றில் போட்டு நிலவறையில் பழைய பனிச்சப்பாத்துகளுக்குப் பின்னால் வைத்தேன். கல்யாணத்துக்கு முன் காட்டவேண்டாம் என்று அவர் சொன்னதையும் நான் காக்கவில்லை; நீங்கள் வந்தபோது சுவரில் பார்த்தீர்கள். நீமா தொட்டுப் பார்த்து "அப்பாவின்ர கை" என்றாள். அவளும் அதை முன்னம் கண்டதில்லை. பின்பக்கம் ஒன்று இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்றுதான் உன் மாமி தொலைபேசியில் சத்தமாக "வெருளி சுகமா இருக்கோ?" என்று கேட்டதும். நீமா விடவில்லை. வெருளி என்றால் என்ன, வெருளி என்றால் என்ன என்று என் பின்னால் குசினிவரை வந்தாள். நான் "காவல்காரன்" என்றேன். அவள் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகினாள். லகரம் ளகரமாக வரும்வரை.

தம்பி, இந்த இடத்தில் ஒரு பழைய கதை எழுதவேண்டும்.

உனக்கு ஆறு வயது. ஃபாஸ்டலாவ்ன், பிள்ளைகள் வேடம் போட்டுப் பீப்பாயை அடிக்கிற நாள். பள்ளிக்கூடத்தில் காகிதக் கூழில் ஒரு கறுத்தப் பூனை முகம் செய்து கொண்டுவந்தாய். ஈரம் காயவில்லை. அதைக் கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்கு மேல் சாத்தி வைத்தாய், உயரமான இடம் என்று. நான் வேலை முடிந்து வந்து பார்த்தேன். படத்தில் கறுப்பு வழிந்திருந்தது. குப்பையில் போட்டேன். பிறகு நீ வீடு முழுக்கத் தேடினாய். "அப்பா எறிஞ்சிருப்பார்" என்றேன். அவர் குசினி வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். "ஓம், அப்பன், நான்தான் தெரியாம எறிஞ்சுபோட்டன்" என்றார். இரண்டு கிழமை நீ அவரோடு கதைக்கவில்லை. அவர் கதை வாசிக்க வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். அவர் உன் முதுகுக்கு வாசித்துவிட்டு வருவார். என்னிடம் அதைப்பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. சாகும்வரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கனக்காது.

கார்த்திகையில் அமிசி வந்தார். கல்யாணச் சாப்பாடு பற்றிக் கதைக்க. நான் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தேன். உள்ளே வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. தமிழில் ஒரு சொல் படித்துக்கொண்டு வந்திருந்தார்.

"மாமா அருண், எங்கே வெருளி?"

சரியான ளகரம். மகள் பழக்கியிருந்தாள்.

நான் சுவரைக் காட்டினேன். கிட்டப் போனார். பிறகு இரண்டு விரலை முகத்துக்கும் சுவருக்கும் இடையில் விட்டார். விரல் போகவில்லை. பின்னால் மட்டமாக இருந்தது. நான் அவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரல்கள் ஓரத்தில் தடவிக்கொண்டு ஒரு சுற்றுப் போயின. காது பாதியில் நிற்கிற இடத்தில் நின்றன.

வந்து இருந்தார். ரோல்ஸைப் பார்த்தார். தேத்தண்ணீர்க் கோப்பையைத் தொட்டார், எடுக்கவில்லை. "ரயிலுக்கு நேரமாச்சு" என்றார். அப்போது மூன்று மணிகூட இல்லை. மணித்தியாலத்துக்கு இரண்டு ரயில்.

இரண்டு நாளில் நீமாவிடம் சொல்லிவிட்டார், கல்யாணத்துக்குத் தான் வருவது சரியில்லை என்று. காரணம் சொல்லவில்லை. நீ என்னை அழைத்தாய். "அம்மா, அங்க என்ன நடந்தது? உங்களை ஏதும் சொன்னவரோ?" அதிசயமாகத் தமிழில் கேட்டாய். நான் சொன்னேன்: "எனக்கென்ன தெரியும். ஒண்டும் சாப்பிடாம எழும்பிப் போனவர்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதைவிடப் பெரிய பொய் நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. நீ அவரை அழைத்துச் சத்தம் போட்டாய் என்று நீமா பிறகு அழுதுகொண்டு சொன்னாள். இனி எங்களுக்கு அழைக்கவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாய். எனக்காக. நல்ல பிள்ளை பெற்றிருக்கிறேன் என்று நானும் நினைத்தேன். ஒரு நிமிடம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

போன ஞாயிறு இரண்டு பாதியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பிரெடெரிசியாவுக்குப் போனேன். ரயிலில் பையை மடியில் வைத்திருந்தேன். அவர் கதவைத் திறந்தார். பையைப் பார்த்ததும் பின்னுக்குப் போய் வழிவிட்டார். மேசையில் இரண்டையும் எடுத்து வைத்தேன். "மன்னிக்கவேணும்" என்று வாய் திறந்தேன். அதே நேரம் அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் நிறுத்தினோம்.

"நீங்கள் ஏன்?" என்றேன்.

"கேக்காமச் செய்துபோட்டன். செத்த மனிசனுக்கு முகம் வைக்க முதல் அவற்ற மனிசியைக் கேட்டிருக்கவேணும்."

"எந்தச் செத்த மனிசன்?"

அவர் நிலவறையிலிருந்து வந்த பாதியைத் தூக்கி என் பக்கம் திருப்பினார். பெருவிரலால் அதன் வாயைத் துடைத்தார். மூடிய வாய். ஒரு பக்க ஓரம் மட்டும் கொஞ்சம் மேலே இழுத்திருந்தது.

"இது அருணின்ர அப்பா. மற்றது என்ர அப்பா. பிள்ளையள் எந்தப் பக்கம் நிண்டாலும் ஒராள் பாப்பார் எண்டு செய்தனான். வந்து பாத்தா என்ர அப்பா மட்டும் சுவரில. உங்கட ஆளை வெட்டி எடுத்திட்டியள். பாக்கத் தாங்கேலாம எடுத்திருக்கிறியள், நான் புண்ணைக் கிண்டிப்போட்டன் எண்டு விளங்கிச்சு. பிறகு எந்த முகத்தோட உங்களுக்கு முன்னால வந்து இருந்து சாப்பிடுறது? கல்யாணத்தில எப்பிடி நிக்கிறது?"

தம்பி, அவர் எனக்கு ஒரு காரணம் செய்து வைத்திருந்தார். அவருடைய கைவேலை மாதிரியே நல்ல காரணம். கணவனின் முகத்தைப் பார்க்கத் தாங்காத பெண். "ஓம்" என்று ஒரு சொல் போதும். யாரும் குறை சொல்லமாட்டார்கள். நீயும் அழுதிருப்பாய். அந்தச் சொல் என் தொண்டைவரை வந்தது. பிறகு மேசையில் இருந்த அந்த வாயைப் பார்த்தேன். குசினி வாசலில் நின்று "நான்தான் எறிஞ்சுபோட்டன்" என்று சொன்ன வாய். அதை மூன்று மாதம் சப்பாத்துகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன், ஆளைத் தெரியாமல். அது என்னைத் தெரிந்தது மாதிரிப் பார்த்ததல்ல. தெரிந்துதான் பார்த்தது.

"இல்லை" என்றேன். "ஆரெண்டு எனக்குத் தெரியாது. நான் வெக்கத்தில வெட்டினனான்."

எல்லாம் சொன்னேன். சீதனம் என்ற பகிடி, சிரித்தது, லார்ஸ் இரண்டு தரம் கேட்டது. உன்னிடம் சொன்னதும் சொல்லாததும். அவர் தலை குனிந்தபடி கேட்டார். வெருளி என்றால் உண்மையில் என்ன என்று சொன்னபோது மட்டும் தலையை நிமிர்த்தினார்.

"அப்ப காவல்காரன் இல்லையோ?"

"குருவியளைக் கலைக்கிறது."

"அப்ப பயிருக்குக் காவல்தானே" என்று சிரித்தார். வாய் திறந்து, என் சுவரில் மாட்டியிருந்த அவருடைய அப்பாவைப் போலவே. பிறகு சிரிப்பு நின்றது. நிலவறைப் பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் போய் எனக்கு முதுகு காட்டி நின்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொன்னதாக உனக்கு எழுதமாட்டேன்.

ஏன் நீமாவிடமாவது காரணத்தைச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அவள் வந்து என்னைக் கேட்டிருப்பாள், அவள் வாழ வருகிற வீட்டோடு முகம் முறியும் என்றார். டேனிஷில் அவர் வேறு ஏதோ சொன்னார். எனக்கு இந்தச் சொல்தான் வந்தது. நாங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்போம், ஆரோடும் முகத்தை முறிக்காதே என்று. உனக்குச் சொல்லித்தந்ததும் நான்தான். நான் ஒருவரோடும் முகம் முறித்துக் கதைத்ததில்லை. வாள் எடுத்து வெட்டியிருக்கிறேன்.

அவர் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். பொருந்தவில்லை. காது இரண்டு துண்டாக, ஒன்றையொன்று தாண்டி நின்றது. வாள் போகிற வழியில் இருக்கிற மரத்தைத் தின்றுவிடும். தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல்நாள் நான் சொல்லிக்கொடுப்பதே அதுதான்: வெட்ட முதல், வாள் தின்கிற அளவைக் கூட்டிக்கொள். மூன்று மில்லிமீற்றர். அது தூளாய்ப் போய்விடும், திரும்பி வராது.

"அப்பிடியே ஒட்டினா முகம் ரெண்டும் கோணும்" என்றார். "நடுவில ஒண்டு வைக்கவேணும். உங்கட பக்கத்து மரம் கொண்டுவாங்கோ."

"வெட்டினது தெரியுமே."

"தெரியும்."

நேற்று லார்ஸிடம் யன்னல் சட்டத்துப் பைன் மரத்தில் மூன்று மில்லிமீற்றர் சீவித்தரச் சொன்னேன். இந்த முறை அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு வருவீர்களா என்று வாசலில் நின்று கேட்டேன். "இனித் தங்களுக்கு அழைக்கவேண்டாம் எண்டு சொன்னது அருண். வரச்சொல்லவேண்டியதும் அருண்தான், மாமா அருண்" என்றார். அவர் இன்னும் என்னை உன் பெயரால்தான் கூப்பிடுகிறார். நான் அதற்குத் தகுதியா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை பகல் பிரெடெரிசியாவில் தன் வீட்டில் வைத்து ஒட்டப் போகிறார். கோப்பன்ஹேகனிலிருந்து காலை ரயிலில் வெளிக்கிட்டால் நேரத்துக்கு வந்துவிடுவாய். கதவு திறந்ததும் முதலில் அவரிடம் கதை. என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு கிழமை என்றாலும், அதற்கு மேலே என்றாலும், சுவர்ப்பக்கம் திரும்பிப் படு. அது எனக்கு வரவேண்டியது, இருபத்திரண்டு வருடம் பிந்தி வருகிறது.

ஆனால் வா. பசை பூசி இறுக்கும்போது அவருடைய இரண்டு கையும் இறுக்கிகளில் இருக்கும். நழுவாமல் இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடிக்கவேண்டுமாம். உன் அப்பாவை நீ பிடி. நான் அமிசியின் அப்பாவைப் பிடிக்கிறேன்.

அம்மா